தெரியாதுன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இத்தனை வார்த்தை, ஒவ்வொண்ணுலயும் பழி யாரு மேல?

'இக்னரன்ட்'ங்கிற வார்த்தையை நம்மாளுங்க ரொம்ப சாதாரணமா எடுத்து வீசறாங்க, எனக்கு அதுல உண்மையிலேயே மனக்கஷ்டம் உண்டு. ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியலைன்னு எழுதணும், அகராதியைப் பார்த்தா 'அறியாத'ன்னு போட்டிருக்கு, சரி இதுதான்னு 'யூ ஆர் இக்னரன்ட்'னு ஈமெயில்ல அடிச்சு அனுப்பிடறாங்க. எழுதினவர் மனசுல இருக்கறது 'உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்'ங்கிறதுதான், கெட்ட எண்ணமே கிடையாது, ஆனா படிக்கறவருக்கு அது 'நீ ஒரு விவரங்கெட்ட ஆளு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி விழும். இந்த மாதிரி ஈமெயில் நான் நிறைய பாத்திருக்கேன், நல்லா பழகிட்டிருந்தவங்க அதுக்கப்புறம் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தை வரியில பதில் போட ஆரம்பிச்சதையும் பாத்திருக்கேன். அதனாலதான் இதை உட்கார்ந்து விலாவாரியா எழுதணும்னு தோணுச்சு.

என் கணக்கு இதுதான். தெரியாமையைச் சொல்ற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் பாக்க ஒண்ணு போல இருந்தாலும் ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள ஒரு கேள்விக்கு பதில் வச்சிருக்கு, தெரியாம போனது யாரால? அவராலயா, சொன்னவராலயா, சொல்லாதவராலயா, இல்ல யாராலயும் இல்லாம சும்மா நேரம் சரியில்லாமயா? இந்த ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

முதல்ல 'அன்அவேர்'. இதுல பழியே கிடையாது. ஒரு சேதி உங்க காதுக்கு வந்து சேரலை, அவ்ளோதான். மீட்டிங் நேரம் மாறினது தெரியலைன்னா 'ஐ வாஸ் அன்அவேர்'னு தாராளமா எழுதலாம், உங்களைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலை, யாரையும் குத்தவும் இல்லை. 'அன்இன்ஃபார்ம்ட்' கொஞ்சம் வேற, அது ஒரு விஷயத்தைப் பத்தி படிச்சு தெரிஞ்சுக்காம கருத்து சொல்றவங்களுக்குப் போற வார்த்தை, அதுல லேசா ஒரு குறை இருக்கு. இங்க ஒரு முக்கியமான வித்தியாசம், நிறைய பேர் கவனிக்கிறதில்ல, 'ஐ வாஸ் நாட் இன்ஃபார்ம்ட்'னு சொன்னா 'எனக்கு யாரும் சொல்லலை'ன்னு பழி அடுத்தவங்க பக்கம் போகுது, 'ஐ வாஸ் அன்இன்ஃபார்ம்ட்'னு சொன்னா 'எனக்கு விவரம் பத்தலை'ன்னு பழி நம்ம பக்கம் வருது. 'நாட்' தனியா நிக்குதா, 'அன்'னா ஒட்டிக்கிச்சாங்கிறதுல பழி இடம் மாறிடுது பாருங்க. வேலை இடத்துல இது ரொம்ப பெரிய விஷயம்.

'மிஸ்இன்ஃபார்ம்ட்' எனக்கு ரொம்ப பிடிச்ச வார்த்தை, ஏன்னா அதுல கருணை இருக்கு. உங்களுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க, நீங்க நம்பிட்டீங்க, நம்பினது உங்க தப்பில்லன்னு அது சொல்லுது. ஒரு பெரியவர் தப்பான தகவலை சபையில சொல்றார்னு வைங்க, அவரை மறுத்துப் பேசியே ஆகணும், ஆனா மரியாதையும் குறையக் கூடாது, அந்த இடத்துல 'உங்களுக்கு வந்த தகவல் சரியில்ல போலிருக்கு'ங்கிற தொனியில இதைச் சொல்லலாம். இதுக்குப் பக்கத்துலயே நிக்கிற 'இல்-இன்ஃபார்ம்ட்' அப்படி இல்ல, அது அரைகுறை விவரத்தோட பேசறவரைத்தான் சொல்லுது, குத்தம் அவரு மேலயே போய் விழும். அப்புறம் இப்ப எங்க பாத்தாலும் 'மிஸ்இன்ஃபர்மேஷன்', 'டிஸ்இன்ஃபர்மேஷன்'னு ரெண்டு வார்த்தை அடிபடுது, ரெண்டையும் ஒண்ணாவே போட்டு எழுதறாங்க, ஆனா முதலாவது தப்பான தகவல், பரப்பறவருக்கே அது தப்புன்னு தெரியாம இருக்கலாம், ரெண்டாவது பொய்னு தெரிஞ்சே திட்டம் போட்டு பரப்பறது, அது ரஷ்ய மொழி வார்த்தையில இருந்து இங்கிலீஷுக்கு வந்தது. டிக்ஷனரி டாட் காம் 2018-க்கான வார்த்தையா மிஸ்இன்ஃபர்மேஷனைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தப்பான மருத்துவக் குறிப்பை அக்கறையா ஃபார்வர்டு பண்ற சொந்தக்காரரை டிஸ்இன்ஃபர்மேஷன் பரப்பறார்னு சொல்றது அநியாயம், அவர் செய்யறது முதலாவது, அதை முதல்ல எழுதி விட்டவன் செஞ்சதுதான் ரெண்டாவதா இருக்கலாம்.

இப்ப இக்னரன்ட்டுக்கே வருவோம். லத்தீன்ல 'இக்னோராரே'ன்னா தெரியாம இருக்கறது. அதுக்குள்ள இருக்கற அந்த 'க்னோ' வேர் சாமானியப்பட்டதில்ல, இங்கிலீஷ்ல 'தெரியும்'னு சொல்ற 'நோ'ல எழுதிட்டு படிக்காம விடறோமே ஒரு கே, அது ஒரு காலத்துல வாய்விட்டு சொன்ன எழுத்து, அந்த க்னோவும் இதுவும் ஒரே குடும்பம். கிரேக்கத்துல 'க்னோசிஸ்', சமஸ்கிருதத்துல ஞானம், எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அப்படின்னா நாம சொல்ற அஞ்ஞானமும் இங்கிலீஷ்காரன் சொல்ற இக்னரன்ஸும் வேர் வரைக்கும் போய் பாத்தா ஒண்ணுதான். இது எனக்குத் தெரிய வந்தப்ப ரொம்ப நேரம் வேற எதுலயும் மனசு ஓடலை. அதுக்கு மேல ஒரு ஆச்சரியம், 1869-ல டி.எச். ஹக்ஸ்லிங்கிற இங்கிலாந்து உயிரியல் விஞ்ஞானி 'அக்னாஸ்டிக்'னு ஒரு வார்த்தையை உருவாக்கினார், முன்னாடி ஒரு 'அ' போட்டு பின்னாடி க்னோசிஸ் குடும்பத்து வார்த்தை, அஞ்ஞானம் கட்டின அதே கட்டு. ஆனா அர்த்தம் தலைகீழ், அது திட்டு இல்ல, 'கடவுள் மாதிரி விஷயத்துல எனக்குத் தெரியும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல'ன்னு ஒருத்தர் நிமிர்ந்து நின்னு தனக்குத் தானே வச்சுக்கிட்ட பேரு. கட்டு ஒண்ணா இருந்தும் ஒண்ணு வசையாவும் ஒண்ணு நேர்மையாவும் நிக்குது.

'இக்னரமஸ்'னு இன்னொண்ணு இருக்கே, அதோட கதை தனி. லத்தீன்ல அது பெயர்ச்சொல்லே இல்ல, 'எங்களுக்குத் தெரியாது'ன்னு ஒரு முழு வாக்கியம். பழைய இங்கிலாந்துல ஒருத்தர் மேல குற்றச்சாட்டு வந்தா அதை கிராண்ட் ஜூரி, அதாவது வழக்கு நடத்தலாமான்னு முடிவு பண்ற ஒரு குழு, முதல்ல பாப்பாங்க, வழக்கு நடத்த ஆதாரம் பத்தலைன்னா அந்தத் தாளோட பின்பக்கத்துல இக்னரமஸ்னு எழுதிடுவாங்க, அதாவது இதை நாங்க ஏத்துக்கற அளவுக்கு எங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு. எவ்ளோ கண்ணியமான வார்த்தை அது, ஒரு மனுஷனை வீணா கோர்ட்டுக்கு இழுக்காம விட்ட வார்த்தை. 1615-ல கேம்பிரிட்ஜ்ல ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னாடி ஜார்ஜ் ரகிள் எழுதின ஒரு நாடகம் போட்டாங்க, அதுல அரைகுறையா லத்தீன் பேசற ஒரு வக்கீலுக்கு இந்தப் பேரை வச்சாங்க, அதுலேருந்து அது 'ஒண்ணும் தெரியாத ஆளு'ன்னு ஆகிப்போச்சு. வினைச்சொல்லா இருந்ததாலதான் அதோட பன்மை 'இக்னரமசஸ்', 'இக்னரமை'ன்னு எழுதினா தப்பு. ஆனா அந்த லத்தீன் வாக்கியத்தோட மரியாதை முழுசா போயிடலை, 1872-ல எமில் து புவா-ரேமோன்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, இயற்கையில சில கேள்விகளுக்கு 'நமக்குத் தெரியாது, இனியும் தெரியப் போறதில்ல'ன்னு இதே வார்த்தையை வச்சு பேசினார், 1930-ல டேவிட் ஹில்பர்ட்ங்கிற கணித மேதை அதெல்லாம் ஏத்துக்க முடியாது, 'நாம தெரிஞ்சுக்கணும், தெரிஞ்சுக்குவோம்'னு கோனிக்ஸ்பெர்க்ல பதில் சொன்னார். ரெண்டு பேருமே தெரியாமையை அசிங்கமா நினைக்கலை, அதுக்கு எல்லை உண்டா இல்லையாங்கிறதுலதான் சண்டை.

சாமுவேல் ஜான்சனை இங்க சொல்லாம விட முடியாது. 1755-ல இங்கிலீஷுக்கு அவ்ளோ பெரிய அகராதியைப் போட்டவர், அதுல 'பாஸ்டெர்ன்'னு குதிரைக் கால்ல ஒரு பகுதியைச் சொல்ற வார்த்தைக்கு, அது குதிரையோட முட்டின்னு தப்பா போட்டுட்டார், உண்மையில அது குளம்புக்கு கொஞ்சம் மேல இருக்கற பகுதி. ஒரு அம்மா அவர்கிட்டயே வந்து ஏன் இப்படி எழுதினீங்கன்னு கேட்டாங்க, பெரிய விளக்கம் வரும்னு எதிர்பார்த்திருப்பாங்க, அவர் சொன்னது 'இக்னரன்ஸ், மேடம், ப்யூர் இக்னரன்ஸ்'. தெரியாதும்மா, சுத்தமா தெரியாது. இந்த வார்த்தையை இவ்ளோ கம்பீரமா ஒருத்தர் தனக்கு சொல்லிக்கிட்டதை நான் வேற எங்கயும் படிச்சதில்ல. தனக்கு சொல்லிக்கிட்டா அது பெருந்தன்மை, அடுத்தவருக்கு சொன்னா அதே வார்த்தை அவமானம்.

அடுத்து எனக்கு கோபம் வர்ற இடம். தெரியாதவங்களைச் சொல்ற வார்த்தைங்க காலப்போக்குல கீழ கீழ போயிருக்கு. 'லூட்'னு (lewd) ஒரு வார்த்தை இன்னிக்கு ஆபாசம்னு அர்த்தம், ஆனா பழைய இங்கிலீஷ்ல அதோட மூலம் மதகுரு இல்லாத சாதாரண ஆளுன்னு மட்டும்தான். அப்ப படிப்பு மதகுருக்கள் கையில இருந்துச்சு, அதனால சாதாரண ஆளுன்னா படிக்காத ஆளு, படிக்காத ஆளுன்னா கீழான ஆளு, கீழான ஆளுன்னா ஒழுக்கம் இல்லாத ஆளுன்னு படிப்படியா இறக்கிட்டாங்க. 'இடியட்'டும் அப்படித்தான், கிரேக்கத்துல பொறுப்பு எதுவும் வகிக்காம தன் சொந்த வாழ்க்கையைப் பாத்துக்கிட்டு இருந்தவர்னு தொடங்கி, ஒரு தொழில்ல பயிற்சி இல்லாதவர்னு ஆகி, கடைசியில முட்டாள்னு வந்து நின்னுச்சு. எழுதத் தெரிஞ்சவங்க கையில பேனா இருந்துச்சு, எழுதத் தெரியாதவங்களைப் பத்தி என்ன வேணா எழுதினாங்க. இதுல தப்பிச்சு மேல ஏறினது 'நைஸ்' மட்டும்தான்னு தோணும், அது லத்தீன்ல 'நெஸ்கியுஸ்', தெரியாதவன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா வந்தப்ப இங்கிலீஷ்ல முட்டாள்னு இருந்து, அப்புறம் ரொம்ப நுணுக்கம் பாக்கிறவர்னு எல்லாம் சுத்தி, 18-ஆம் நூற்றாண்டுல நல்லது, இனிமையானதுன்னு ஆயிடுச்சு.

'பெனைட்டட்'ங்கிற வார்த்தையும் இதே கோபத்துக்குத்தான். வழியில ராத்திரி வந்து மாட்டிக்கிட்ட ஆளுங்கிறது அதோட முதல் அர்த்தம், அப்புறம் அறிவு வெளிச்சம் படாதவங்கன்னு ஆச்சு, காலனி ஆட்சி நேரத்துல ஐரோப்பியர்கள் தாங்க போய் பிடிச்ச நாட்டு ஜனங்களை இப்படித்தான் எழுதினாங்க. அங்க எத்தனை மொழி, எத்தனை கணக்கு, எத்தனை வைத்தியம் இருந்துச்சுன்னு எழுதினவங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்கன்னு யாரைச் சொன்னாங்களோ அவங்களைப் பத்தி சொன்னவங்களுக்குத்தான் தெரியலை.

அதே காரணத்துக்காக 'இல்லிட்டரேட்'டை இக்னரன்ட்டோட கலக்கவே கூடாது. எழுத்துங்கிற லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது அது, எழுதப் படிக்கத் தெரியாதவர், முடிஞ்சது. எழுத்தே தெரியாத ஒரு விவசாயிக்கு மண்ணைப் பத்தி தெரிஞ்சதை ஒரு புத்தகத்துல அடக்க முடியாது, அவரை இல்லிட்டரேட்னா உண்மை, இக்னரன்ட்னா பொய். தமிழ்ல இந்த வித்தியாசம் ரொம்ப பழசு, வள்ளுவர் கல்லாமைக்கு ஒரு அதிகாரம், பேதைமைக்கு ஒண்ணு, புல்லறிவாண்மைக்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தான் வச்சிருக்கார்.

'ஒப்லிவியஸ்' நல்லா புரிஞ்சு யூஸ் பண்ண வேண்டிய வார்த்தை. மறதியைச் சொல்ற லத்தீன்ல இருந்து வந்தது, இங்கிலீஷ்லயும் முதல்ல மறந்துபோனவர்னுதான் இருந்துச்சு, இப்போ கண்ணு முன்னாடி நடக்கறது கூட மனசுல ஏறாதவர். பக்கத்துல இருக்கறதுதான் இதுக்குப் பொருந்தும், வேற கண்டத்துல நடந்த ஒரு விஷயம் தெரியலைன்னா நீங்க அன்அவேர், உங்க எதிர்லயே ஒருத்தர் அழுதுகிட்டு இருக்கறது தெரியாம போன்ல மூழ்கி இருந்தா ஒப்லிவியஸ். 'அன்விட்டிங்' வேற மாதிரி, தான் செய்யறது என்னன்னு தெரியாமலே ஒண்ணை செஞ்சுட்டவர், யாரோ கொடுத்து அனுப்பின பையில என்ன இருக்குன்னு தெரியாம தூக்கிட்டுப் போனவர் மாதிரி, அதுல பரிதாபம் இருக்கு.

'நைவ்' லத்தீன்ல பிறவின்னு சொல்ற வார்த்தையில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, பிறந்தப்ப இருந்த மாதிரியே இருக்கறவர், உலகம் பட்டு தெளியாதவர். அவருக்கு புத்தக அறிவு நிறையவே இருக்கலாம். நாம இதைச் சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் 'இன்னசன்ட்'னு சொல்றோம், 'பாவம் அவன் ரொம்ப இன்னசன்ட்'னு. இங்கிலீஷ்லயும் அந்த அர்த்தம் இல்லாம இல்ல, ஆனா பெரியவங்க ஒருத்தரைப் பத்தி சொன்னா 'குற்றம் எதுவும் செய்யாதவர்'ங்கிறதுதான் முதல்ல தோணும், யாரோ அவர் மேல கேஸ் போட்டுட்டாங்களோன்னு கேக்கறவங்க யோசிப்பாங்க. 'க்ளூலெஸ்'ஸுக்குள்ள ஒரு நூல் உருண்டை இருக்கு, க்ளூன்னாலே முதல்ல நூல் உருண்டைதான், கிரேக்க கதையில தீசியஸ் சிக்கலான மாளிகைக்குள்ள போய் திரும்ப வழி கண்டுபிடிக்க அரியாட்னி கொடுத்தாளே அந்த நூல், அதுலேருந்துதான் துப்புன்னு அர்த்தம் வந்துச்சு. இன்னிக்கு சொல்ற அர்த்தத்துல க்ளூலெஸ் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பிரிட்டிஷ் விமானப்படை ஆளுங்க பேச்சுல புழங்கினது. நண்பர்களுக்குள்ள ஓகே, ஆபீஸ் ஈமெயில்ல வேண்டாம்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தெரியாம இருக்கறது, தெரியாத மாதிரி இருக்கறதுக்கும் இங்கிலீஷ்ல வழி இருக்கு. 1801-ல கோபன்ஹேகன் கடற்போர்ல பின்வாங்கச் சொல்லி மேலதிகாரி கொடியை ஏத்தினார், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வை போன கண்ணுல தொலைநோக்கியை வச்சுக்கிட்டு எனக்கு சிக்னல் தெரியலைன்னு சொன்னாராம், 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ'ங்கிற வழக்கை இந்தக் கதையோட சேர்த்துத்தான் சொல்லுவாங்க. சட்டத்துல இதுக்கு 'வில்ஃபுல் ப்ளைண்ட்னெஸ்'னு பேரு, தெரிஞ்சுக்க வாய்ப்பு இருந்தும் வேணும்னே கண்ணை மூடிக்கிட்டா, தெரிஞ்சு செஞ்ச மாதிரியே எடுத்துக்கலாம். சட்டம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொதுவா அது ஒரு சாக்கா நிக்காது, ஆனா நடந்த உண்மை தெரியாதுன்னா பல நேரம் நிக்கும்.

இதுக்கெல்லாம் மேல, அடுத்தவங்களைத் தெரியாதவங்களாவே வச்சிருக்கறதைப் படிக்க ஒரு துறை இருக்கு, 'அக்னோடாலஜி'. ஸ்டான்ஃபோர்டு வரலாற்று ஆய்வாளர் ராபர்ட் ப்ராக்டர் பரப்பின வார்த்தை, அவர் எடுத்துக்கிட்டது சிகரெட் கம்பெனிங்களை. 1969-ல ஒரு அமெரிக்க புகையிலை கம்பெனிக்குள்ள சுத்தின ஒரு குறிப்புல 'சந்தேகம்தான் நம்ம சரக்கு'ங்கிற பொருள்ல அப்பட்டமா எழுதியிருந்தாங்க, புகை பிடிச்சா புற்றுநோய் வரும்னு ஜனங்க மனசுல உறுதியா பதியாம இருக்க, பதியற இடத்துல எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பறது. இதைப் படிச்சதுல இருந்து ஒருத்தரை இக்னரன்ட்னு சொல்ல எனக்கு இன்னும் தயக்கம் கூடிடுச்சு. அவர் தெரியாம இருக்கறதுக்கு யாரோ காசு செலவு பண்ணியிருக்கலாம்.

தெரியாததே தெரியாம இருக்கறதுக்கு மட்டும் இங்கிலீஷ்ல சரியா ஒத்தை வார்த்தை அமையலை, அதனால ரெண்டு பேர் பேரைச் சேர்த்து 'டன்னிங்-க்ரூகர்'னு சொல்றாங்க. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல மனோதத்துவ ஆய்வாளர்கள் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் 1999-ல வெளியிட்ட ஆய்வு, டெஸ்ட்ல கடைசி கால்வாசியில வந்தவங்க உண்மையில சராசரியா 100 பேர்ல 12 பேரைத்தான் தாண்டியிருந்தாங்க, ஆனா தாங்க 62 பேரைத் தாண்டிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 'வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு'ன்னு குறள்ல இருக்கு, புத்தி வெறுமைன்னா என்னன்னா எனக்கு புத்தி இருக்குன்னு நினைக்கிற செருக்குதான். 'வெண்மை', ஒத்தை வார்த்தையிலேயே நம்மகிட்ட இருந்திருக்கு, அதைப் புழக்கத்துல விட்டுட்டோமேன்னு எனக்கு வருத்தம்.

இனி அன்னாடம் எழுதறவங்களுக்கு உபயோகமான ஒரு விஷயம். இக்னரன்ட் தனியா நின்னா வசை, பின்னாடி 'ஆஃப்' போட்டு எந்த விஷயம்னு சொல்லிட்டா சூடு குறையும், 'இக்னரன்ட் ஆஃப் த ரூல்'னா அந்த விதி மட்டும் அவருக்குத் தெரியாதுன்னு ஆகுது, ஆளை எடை போட்டதா ஆகாது. ஆனாலும் உயிரோட எதிர்ல இருக்கறவருக்கு அன்அவேர்தான் பத்திரம், அதுக்குப் பின்னாடி ஆஃப் வரும், இல்லைன்னா 'தட்'னு போட்டு முழு வாக்கியம் வரும், 'அபௌட்' வேண்டாம். ஒப்லிவியஸுக்கு 'டு', ஆஃப் ரெண்டும் ஓடும். உங்களுக்கு வேணும்னே சொல்லாம மறைச்சிருந்தா 'கெப்ட் இன் த டார்க்', மறைக்கலை ஆனா பேச்சுவார்த்தையில உங்களைச் சேர்க்காம விட்டுட்டாங்கன்னா 'அவுட் ஆஃப் த லூப்', ரெண்டாவதை மேலதிகாரிக்குக் கூட தைரியமா எழுதலாம், முதலாவது குற்றச்சாட்டு, ஆதாரம் கையில இல்லாம எழுதாதீங்க. 'ஐ வுட்ன்ட் நோ'ன்னா தெரியாதுங்கிறதோட 'அது எனக்கு சம்பந்தமில்லாத சமாச்சாரம்'னு ஒரு ஒதுங்கலும் சேர்ந்து வரும், கஸ்டமர்கிட்ட சொல்லிடாதீங்க, 'நாட் தட் ஐ நோ ஆஃப்' சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சவரை இல்லைன்னு பணிவா நிக்கும். கடைசியா ஒண்ணு, 'காட் அன்அவேர்ஸ்'னு எதிர்பாராம மாட்டிக்கிட்டதைச் சொல்லும்போது கடைசியில இருக்கற எஸ்ஸை நிறைய பேர் விட்டுடறாங்க, அங்க அது கண்டிப்பா வேணும்.